ஜாதிக்காய் விளைந்த ஊர்: பண்டா தீவுப் பயணம்

ஞாயிறு, பண்டா நெய்ரா

இந்தோனேசியாவின் அம்போன் தீவில் துலேஹு துறைமுகத்திலிருந்து விரைவுப் படகில் ஆறு மணி நேரம். கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் மட்டும்தான் இந்தப் படகு ஓடும். மற்ற நாட்களில் அரசாங்கத்தின் பெல்னி கப்பலுக்கோ, ஒரு டஜன் பேர் உட்காரும் குட்டி விமானத்துக்கோ காத்துக் கிடக்க வேண்டியதுதான். பாதி தூரம் தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரர் வாந்திப் பைகளை எங்களுக்கும் ஒன்றிரண்டு கொடுத்தார். எனக்குத் தேவைப்படவில்லை. மனைவிக்குத் தேவைப்பட்டது.

சாயங்காலம் படகு ஒடுங்கிய ஒரு நீர்வழிக்குள் நுழைந்தது. ஒரு பக்கம் செங்குத்தான எரிமலை. மறு பக்கம் தகரக் கூரைகளும் இரண்டு மசூதிகளும் ஒரு பழைய கோட்டையுமாக நெய்ரா ஊர். பத்துப் பதினோரு குட்டித் தீவுகள் சேர்ந்ததுதான் பண்டா. வரைபடத்தில் விரலை வைத்தால் மொத்தமும் மறைந்துவிடும்.

இங்கே வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும்போது வசம்பு, கடுக்காய், மாசிக்காயோடு ஜாதிக்காயையும் கல்லில் இரண்டு இழைப்பு இழைப்பார்கள். தாம்பூலத்தில் சேர்க்கிற ஐந்து வாசனைப் பொருட்களிலும் ஜாதிக்காய் உண்டு. பழைய காலத்தில் அந்தக் காய் எங்கிருந்து நம் கடைத்தெருவுக்கு வந்தது? இங்கிருந்துதான். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை உலகச் சந்தைக்கு வந்த ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் இந்தச் சில தீவுகளில் மட்டுமே விளைந்தன. 1500-களின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த போர்ச்சுக்கீசியர் தொமே பிரெஸ், மலாய் வணிகர்கள் சொல்வதாக ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்: கடவுள் சந்தனத்துக்குத் தீமோரையும், ஜாதிபத்திரிக்குப் பண்டாவையும், கிராம்புக்கு மலுக்குவையும் படைத்தார், இந்தச் சரக்குகள் உலகில் வேறெங்கும் கிடையாது.

பினாங்கில் சில வருடம் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட மலாய் இங்கே ஓரளவு கைகொடுக்கிறது. விடுதிக்கார அம்மாளை எல்லோரையும் போல ‘இபு’ என்றே கூப்பிடுகிறோம். வந்ததும் ஜாதிக்காய்ச் சதையில் செய்த ஜாம் தடவிய ரொட்டியும் டீயும் கொடுத்தார். புளிப்பும் இனிப்புமாக, கடைசியில் லேசான காரம். வாந்தி எடுத்தவளுக்கு இரண்டு நிமிடத்தில் முகம் தெளிந்துவிட்டது.

திங்கள், பண்டா நெய்ரா

இன்று முழுக்கக் கோட்டைகள். எழுத நிறைய இருக்கிறது.

மேட்டின் மேல் இருப்பது பெல்ஜிகா, ஐங்கோணக் கோட்டை. 1611-இல் டச்சுக்காரர்கள் கட்டி, 1670-களில் திருத்திக் கட்டியது. இப்போது வெள்ளையடித்துப் பளிச்சென்று வைத்திருக்கிறார்கள். 1810-இல் பிரிட்டிஷ் கப்பல் தலைவர் கிறிஸ்டோபர் கோல், இருநூறுக்கும் குறைவான ஆட்களோடு இரவோடு இரவாக மழையில் வந்து ஏணி போட்டு ஏறி இதைப் பிடித்தார். மேலே நின்று பார்த்தால் அது எப்படி முடிந்தது என்றே புரியவில்லை. இத்தனை உயரச் சுவர், இத்தனை பீரங்கி வாய்கள். உள்ளே இருந்தவர்கள் நல்ல தூக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

கீழே கடலோரம் இருக்கிற நசாவ் கோட்டைக்கு ஆள் போவது குறைவு. பாதிச் சுவர் இடிந்து, செடி மண்டிக் கிடக்கிறது. ஆனால் பண்டாவின் கதை இந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது.

இந்தத் தீவுகளுக்கு ராஜா கிடையாது. ‘ஓராங் காயா’ எனப்படும் ஊர்ப் பெரியவர்கள்தான் பேசி முடிவெடுப்பார்கள். ஜாவா, மலாய், அரபு, குஜராத்தி வணிகர்கள் வருவார்கள். அரிசியும் துணியும் கொடுத்து ஜாதிக்காய் வாங்கிப் போவார்கள். அந்தத் துணிகளில் பாதிக்கு மேல் நம் சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும் நெய்தவை. பிற்பாடு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டியதும் இந்தத் துணிக்காகத்தான். சோழமண்டலத் துணி கையில் இல்லாமல் இந்தப் பக்கம் மசாலா வாங்க முடியாது என்று அவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துபோனது.

ஆனால் முதலில் வந்த டச்சுக்காரர்கள் எதை விற்கப் பார்த்தார்கள் தெரியுமா? கம்பளித் துணியும் வெல்வெட்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில்! அதையும் வைத்துக்கொண்டு, ‘இனி எங்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும்’ என்று ஒப்பந்தம் நீட்டினார்கள். பெரியவர்களில் சிலர் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் போடவில்லை. போட்டவர்களும் அப்படியே நடக்க முடியவில்லை. தீவில் அரிசி விளையாது; ஜாவாக்காரர்கள் கப்பல் வந்தால்தான் சோறு. அவர்களுக்கு விற்காமல் எப்படி இருப்பது?

1609-இல் அட்மிரல் வெர்ஹூஃப் படையோடு வந்து இந்த நசாவ் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். பேச்சுவார்த்தைக்கு என்று வரவழைத்து, அவரையும் கூட வந்த பலரையும் பண்டாக்காரர்கள் கொன்றுவிட்டார்கள். அந்தப் படையில் யான் பீட்டர்ஸ்சூன் கூன் என்ற 22 வயது இளநிலை வணிகனும் இருந்தான். அவன் அதை மறக்கவில்லை.

1621-இல் அதே கூன், கம்பெனியின் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார். ஏறக்குறைய 1,600 டச்சுச் சிப்பாய்களும், கூலிக்கு அமர்த்திய ஜப்பானிய வாள்வீரர்களும் கூட வந்தார்கள். நெய்ராவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற லோந்தோர் தீவு சில நாட்களில் விழுந்தது. பெரியவர்கள் பணிந்து, ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். செலாமோன் என்ற ஊரில் மசூதியையே டச்சு அதிகாரிகள் தங்கும் இடமாக ஆக்கியிருந்தார்கள். ஏப்ரல் மாதத்தில் ஒரு நடுராத்திரி அங்கே தொங்கிக்கொண்டிருந்த விளக்கு அறுந்து விழுந்தது. சத்தம் கேட்டு எழுந்தவர்கள், எதிரி பாய்ந்துவிட்டான் என்று இருட்டில் கண்டபடி சுட்டார்கள். விடிந்ததும் ‘சதி’ என்று முடிவாகிவிட்டது. ஊர்ப் பெரியவர்களைச் சித்திரவதை செய்து, சதி செய்ததாக வாக்குமூலமும் வாங்கினார்கள்.

மே 8-ஆம் தேதி 44 பெரியவர்களை நசாவ் கோட்டைக்கு வெளியே மூங்கில் வேலி போட்ட இடத்துக்குள் கொண்டுவந்து, ஜப்பானிய வீரர்களை விட்டு வெட்டினார்கள். தலைகளை மூங்கில் கம்புகளில் செருகி நிறுத்தினார்கள். அதைப் பார்த்த ஒரு டச்சு அதிகாரியின் குறிப்பு கிடைத்திருக்கிறது. சாகப் போகிறவர்களில் ஒருவர் டச்சு மொழியிலேயே, ஐயா, இரக்கமே கிடையாதா என்று கேட்டாராம். யாரும் பதில் சொல்லவில்லை.

சண்டையிலும், மலைமேல் ஒளிந்தவர்களைச் சூழ்ந்து பட்டினி போட்டதிலும், அடிமையாகக் கப்பலேற்றியதிலும் தீவுகள் காலியாயின. சுமார் 15,000 பேர் இருந்த இடத்தில் ஆயிரம் பேர் அளவுக்குத்தான் மிஞ்சினார்கள் என்று கணக்கிடுகிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் கூனுக்கு எழுதிய கடிதத்தில், இன்னும் கொஞ்சம் மிதமாக நடந்துகொண்டிருக்கலாம் என்று முகம் சுளித்தார்கள். கூடவே 3,000 கில்டர் வெகுமதியும் கொடுத்தார்கள்.

கூனின் சொந்த ஊரான ஹோர்னில் 1893-இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2011-இல் ஒரு கிரேன் தட்டி அது கீழே விழுந்தது. திரும்ப வைக்கலாமா வேண்டாமா என்று ஊரில் பெரிய வாக்குவாதம். கடைசியில் வைத்தார்கள், கல்வெட்டில் மட்டும் பண்டாவில் நடந்ததைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இங்கே ஊருக்குள் ஒரு கிணறும் ஒரு நினைவுச் சின்னமும் இருக்கின்றன. பரிகி ரந்தே என்கிறார்கள். கொல்லப்பட்டவர்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் அந்தக் கொலையைப் பெரிய ஓவியமாகவும் தொங்கவிட்டிருக்கிறார்கள். பள்ளிச் சீருடையில் வந்த பிள்ளைகள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மனைவிக்குக் கோபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் ஊர், அவர்கள் படம்.

செவ்வாய், பண்டா நெய்ரா

மழை. மின்சாரம் இல்லை. கத்திரிக்காயைப் பொரித்து, பாதாம் மாதிரி இருக்கும் கெனாரிப் பருப்பை அரைத்து ஊற்றிய குழம்பு மதியம். ராத்திரி மீன் ரசம், அதிலும் ஜாதிக்காய்ச் சதை. வேறு விசேஷம் இல்லை.

புதன், லோந்தோர்

எதிர்க்கரைத் தீவுதான் லோந்தோர். பண்டா பெசார் என்றும் பெயர். மரப் படகில் பதினைந்து நிமிடம். கரையிலிருந்து மேட்டு ஊருக்கு ஏறுகிற படிகளில் முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. மேலே ஊர்க் கிணறு ஒன்று. பல வருடங்களுக்கு ஒருமுறை ஊரே கூடி, நீளமான வெள்ளைத் துணியால் துடைத்து அதைச் சுத்தம் செய்யும் சடங்கு உண்டு. அதற்காகவே வெளியூரில் இருக்கிறவர்கள் எல்லாம் திரும்பி வருவார்களாம்.

தோப்புக்குள் நுழைந்ததும் வெயில் காணாமல் போனது. ஜாதிக்காய் மரம் வெயிலும் காற்றும் நேரடியாகத் தாங்காது. அதனால் மேலே கெனாரி மரங்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம், அடியில் ஆள் உயரத்துக்குப் பலகை போல விரிந்த வேர்கள். அந்த நிழலில்தான் ஜாதிக்காய் மரங்கள்.

ஒரு பெரியவர் நீண்ட மூங்கில் கழியோடு வந்தார். கழியின் நுனியில் சின்னக் கூடை, அதன் வாயில் இரண்டு கொக்கி. பழத்தைக் கொக்கியில் மாட்டி ஓர் இழுப்பு. பழம் கூடைக்குள் விழுகிறது, தரையில் அடிபடுவதில்லை. பழுத்தது எது என்று கேட்டேன். தானாக வெடித்திருப்பதைத்தான் பறிக்க வேண்டும் என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். மஞ்சள் நிறத் தோல் நடுவில் பிளந்திருக்க, உள்ளே கறுப்பாக மின்னும் கொட்டை. அதன் மேல் ரத்தச் சிவப்பில் வலை பின்னியது மாதிரி ஜாதிபத்திரி. கடையில் பழுப்பாகக் காய்ந்து கிடக்கிற பத்திரிக்கு இப்படி ஒரு நிறம் இருந்தது என்று சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள். பத்திரியை விரலால் முழுசாக உரித்து வெயிலில் தனியாகக் காயப்போடுகிறார்கள். கொட்டையைப் பரணில் பரப்பி, அடியில் புகை போட்டு வாரக் கணக்கில் உலர்த்துகிறார்கள். காதருகே குலுக்கி, உள்ளே பருப்பு ஆடுகிற சத்தம் கேட்டால் பதம். ஓட்டை உடைத்தால் நம் கைக்கு வருகிற ஜாதிக்காய்.

ஆட்களை அழித்தபிறகு இந்தத் தோப்புகளைக் கம்பெனி 68 பங்குகளாகப் பிரித்து ஐரோப்பியருக்குக் கொடுத்தது. அவர்களுக்குப் பெர்க்கெனியர் என்று பெயர். காய் முழுவதையும் கம்பெனி சொன்ன விலைக்குக் கம்பெனிக்கே விற்க வேண்டும். பதிலுக்கு அரிசியும் அடிமைகளும் கம்பெனி தரும். அந்தக் காலத்தில் கம்பெனிக் கப்பல்கள் பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் ஏற்றவில்லை. பஞ்சத்தில் விற்கப்பட்டவர்களையும் போரில் பிடிபட்டவர்களையும் ஆயிரக்கணக்கில் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றிப் போனார்கள். பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் அங்கே இருக்கிற டச்சுக் கல்லறைகளையும் ஒரு நடை பார்த்து வாருங்கள்.

ஏற்றுமதியாகும் கொட்டையை யாரும் நட்டு முளைக்க வைத்துவிடக் கூடாது என்று சுண்ணாம்பில் முக்கி அனுப்பினார்கள். ஆனால் புறாவை என்ன செய்வது? இந்தக் காட்டுப் புறாக்கள் பழத்தைக் கொட்டையோடு விழுங்கி, அடுத்த தீவில் போய் எச்சமிடும். 1770 வாக்கில் மனிதப் புறா ஒன்றும் வந்தது. பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் ஆள் அனுப்பிக் கன்றுகளையும் விதைகளையும் மொரீஷியஸுக்குக் கடத்தினார். பிற்பாடு தீவுகளைப் பிடித்த பிரிட்டிஷ்காரர்கள் பினாங்குக்கும் மற்ற இடங்களுக்கும் கொண்டுபோனார்கள். நான் பினாங்கில் குடித்த ஜாதிக்காய் ஜூஸுக்கு மூலம் அதுதான். இன்னும் கொஞ்ச காலத்தில் கரீபியக் கடலில் கிரனாடா தீவு வரை போய்ச் சேர்ந்து, இப்போது அந்த நாட்டுக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது.

வியாழன், ருன்

இந்தப் பயணத்தை நான் திட்டமிட்டதே ருன் தீவுக்காக. மேற்கே, மோட்டார் படகில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். மூன்று கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத அகலம்.

‘இந்தத் தீவைக் கொடுத்துத்தான் நியூயார்க்கை வாங்கினார்கள்’ என்ற செய்தி வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். ஜாதிக்காய்க்கு ஆசைப்பட்டு மன்ஹாட்டனை விட்ட முட்டாள் டச்சுக்காரர்கள் என்று முடியும். நானும் அதைப் படித்துச் சிரித்தவன்தான். இங்கே நின்று பார்க்கையில் அந்தக் கதை எனக்கு ரசிக்கவில்லை.

1616 டிசம்பரில் நதானியேல் கோர்ட்ஹோப் என்ற ஆங்கிலேயர் ஸ்வான், டிஃபென்ஸ் என்ற இரண்டு கப்பல்களோடு இங்கே வந்தார். டச்சுக்காரர்களிடமிருந்து தப்ப வழி தேடிக்கொண்டிருந்த ருன் மக்கள், தீவை இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கு எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் இரண்டு கப்பல்களும் டச்சுக்காரர்கள் கைக்குப் போய்விட்டன. கப்பல் இல்லை, தீவில் ஓடையோ ஊற்றோ இல்லை, மழைத் தண்ணீர்தான், அரிசியும் வெளியிலிருந்துதான். அப்படியும் ஒரு சின்னக் கூட்டத்தோடு நான்கு வருடம் அவர் தாக்குப்பிடித்தார். 1620 அக்டோபரில் இரவில் படகில் போகும்போது டச்சுக்காரர்கள் வழிமறித்துச் சுட, கடலில் குதித்தவர் திரும்பவில்லை. ஆங்கிலப் புத்தகங்கள் அவரைப் பெரிய வீரராகக் கொண்டாடும். அவருக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்துக் கூட நின்ற தீவுக்காரர்கள் அந்தப் பக்கங்களில் கூட்டமாகத்தான் வருவார்கள், பெயரில்லாமல்.

தீவு கைக்கு வந்ததும் டச்சுக்காரர்கள் செய்தது, ஜாதிக்காய் மரங்களை வெட்டிப் போட்டது. இங்கே விளைய வேண்டாம், வேறு யாருக்கும் கிடைக்கவும் வேண்டாம்.

இப்போது 1667-க்கு வருவோம். அதற்கு மூன்று வருடம் முன்னால், 1664-இல், நான்கு ஆங்கிலப் போர்க்கப்பல்கள், பிற்பாடு நியூயார்க் ஆன நியூ ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்துக்குள் வந்து நின்றதும், அங்கிருந்த டச்சுத் தலைவர் ஸ்டைவெசன்ட் சண்டையில்லாமல் ஊரை ஒப்படைத்துவிட்டார். அப்புறம் இரண்டு நாடுகளுக்கும் போர். 1667 ஜூலை 31-இல் பிரேடா நகரத்தில் சமாதானம். ஒப்பந்தத்தின் சாரம் சுலபம்: யார் கையில் எது இருக்கிறதோ அதை அவரவரே வைத்துக்கொள்ளலாம். ருன் டச்சுக்காரர்களுக்கு, நியூயார்க் ஆங்கிலேயருக்கு. சந்தையில் மாடு மாற்றுவது போல ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கவில்லை. டச்சுக்காரர்கள் கையோடு வைத்துக்கொண்ட இன்னொரு இடம் தென் அமெரிக்காவில் இருக்கிற சூரினாம். கரும்புத் தோட்டங்கள் இருந்த அது மரம் வெட்டிய ருன்னைவிடப் பல மடங்கு பெரிய லாபம். போதாததற்கு 1673-இல் டச்சுக்காரர்கள் நியூயார்க்கைத் திரும்பப் பிடித்து, அடுத்த வருடமே மறுபடி கொடுத்துவிட்டார்கள். ஆக, ‘முட்டாள் வியாபாரம்’ என்பதில் வியாபாரமும் இல்லை, முட்டாள்தனமும் இல்லை. அங்கே பூர்வகுடிகளான லெனாப்பே மக்களின் மன்ஹாட்டனையும் ருன்காரர்களின் ருன்னையும் பற்றி மூன்றாவது ஊரில் உட்கார்ந்து இரண்டு நாட்டுக்காரர்கள் பேசி முடித்தார்கள், அவ்வளவுதான்.

ஊர் கடலோரச் சரிவில் படிப்படியாக ஏறுகிறது. வாசல்களில் பாய் விரித்து ஜாதிபத்திரி காய்கிறது. ஆமாம், மரங்கள் திரும்ப வந்துவிட்டன. புறாக்களுக்கும் அதில் பங்கு இருக்கும். தண்ணீருக்கு இன்றும் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி. ஒரு கடையில் உட்கார்ந்து காபி குடித்தோம். கடைக்காரப் பையன் எங்கிருந்து வருகிறீர்கள் என்றான். இந்தியா என்றதும் ஷாருக் கான் என்றான். நியூயார்க்கிலிருந்து யாராவது வந்தார்களா என்று கேட்டேன். வருவார்கள், வந்து இதே கேள்வியைக் கேட்பார்கள் என்றான்.

தண்ணீர் வற்றியிருந்ததால் பக்கத்து மணல் திட்டான நைலகாவுக்கு நடந்தே போய் வந்தோம். கோர்ட்ஹோப் அங்கேயும் பீரங்கி வைத்திருந்தார். இப்போது வெறும் மணலும் நண்டும்.

வெள்ளி, பண்டா நெய்ரா

ஜும்மா நேரம் என்பதால் மதியம்வரை கடைகள் இல்லை. காலையில் ஹத்தா வீட்டைத் திறந்து காட்டினார்கள்.

ஜாதிக்காய்க்கு மவுசு போனபிறகு டச்சு அரசு பண்டாவை நாடுகடத்தும் இடமாக வைத்துக்கொண்டது. பிற்காலத்தில் இந்தோனேசியாவின் முதல் துணை அதிபரான முகமது ஹத்தாவும், முதல் பிரதமரான சுதன் ஷாரிரும் 1936 முதல் 1942 வரை இங்கேதான் இருந்தார்கள். ஹத்தா வரும்போது 16 பெட்டிப் புத்தகங்களோடு இறங்கினார். வீட்டில் அவர் தட்டச்சு இயந்திரமும், பின்கட்டில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த கரும்பலகையும் பெஞ்சுகளும் இருக்கின்றன. ஹத்தா கறாரான ஆள். ஷாரிர் நேர்மாறு, ஊர்ப் பிள்ளைகள் அவர் தோளிலேயே தொங்குவார்கள்.

1942 பிப்ரவரித் தொடக்கத்தில் ஜப்பானியர் நெருங்கிவர, இருவரையும் ஜாவாவுக்கு அழைத்துப் போக ஒரு கடல் விமானம் வந்து இறங்கியது. ஷாரிர் தான் வளர்த்த பண்டாக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். விமானத்தில் குழந்தைகளுக்கும் இடம், புத்தகங்களுக்கும் இடம் என்றால் ஆகாது. 16 பெட்டிகளும் கரையிலேயே நின்றன. ஹத்தாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசைவரை பேசிக்கொண்டே வந்தோம். மனைவி குழந்தைகள் கட்சி. நானும் அதே கட்சி என்றுதான் வெளியில் சொன்னேன்.

சனி, பண்டா நெய்ரா

காலையில் எரிமலை அடிவாரத்தில் முகமூடி மாட்டிக்கொண்டு கடலில் மிதந்தோம். 1988 மே மாதம் குனுங் ஆப்பி என்ற இந்த எரிமலை வெடித்து, குழம்பு கடல்வரை ஓடி அடியிலிருந்த பவளத்தை எல்லாம் பொசுக்கியது. ஐந்தாறு வருடத்திலேயே அந்தக் கரும்பாறை மேல் பவளம் திரும்ப வளர்ந்து ஆய்வாளர்களை அசரவைத்ததாம். இப்போது தட்டுத் தட்டாக, அடுக்கடுக்காக, பாறையே தெரியாத அளவு.

மதியம் டிக்கெட் வாங்கினோம். அம்போனுக்கு இல்லை, எதிர்த் திசையில் துவாலுக்கு. திங்கட்கிழமையே மனதில் விழுந்த யோசனை இது. 1621-இல் எல்லோரும் சாகவில்லை. சில படகுகள் கிழக்கே தப்பி, துவால் இருக்கிற ‘கை’ (Kei) தீவுக்கூட்டத்தில் கை பெசார் தீவை அடைந்தன. அங்கே பண்டா எலி, பண்டா எலாத் என்று இரண்டு ஊர்கள். பழைய பண்டா மொழியை இன்றும் பேசுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இங்கே நெய்ராவில் இருப்பவர்கள் பெரும்பாலும் பிற்பாடு கொண்டுவரப்பட்டவர்களின், வந்து கலந்தவர்களின் வாரிசுகள், பேசுவது மலாய்.

பண்டா எலியில் தங்க விடுதி ஏதாவது உண்டா என்று இபுவிடம் கேட்டேன். ஜாம் பாட்டில்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டிக்கொண்டே, விடுதி எல்லாம் கிடையாது, நேராக ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போய்ப் பண்டாவிலிருந்து வருகிறோம் என்று சொல்லுங்கள், போதும் என்றார்.